டிரெசர் வளர்த்த பொன்னிறக் கோழிகள்

கோழி வளர்ப்பவன் கோழிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பெயர் வைத்துவிட்டால் கழித்துக்கட்டக் கை வராது. என் மனைவி லில்லியன் ஒரு பெட்டைக்கு ராணி என்று பெயர் வைத்தாள். வளர வளர அதன் கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. அதை அறுக்க வேண்டிய நாளில் வீட்டில் பெரிய ரகளை. அதற்குப் பிறகு அவள் எதற்கும் பெயர் வைக்கவில்லை.

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தக் கோலசிலாங்கூர் ஸ்டேஷனுக்கு நான் புதியவன் இல்லை. தோட்டத்தில் யாராவது சுடப்பட்டால் காயத்தைப் பார்த்துச் சொல்ல, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரான என்னைத்தான் அழைப்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருவதுதான் முதல் தடவை.

நீங்கள் என்மேல் சொல்லும் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புக்கிட் மெங்குவாங் தோட்டத்து ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்த பால்மாவை நான் காட்டுக்காரர்களுக்கு, அதாவது கம்யூனிஸ்டுகளுக்கு, அனுப்பிவந்தேன் என்கிறீர்கள். கேட்கவே கூசுகிறது. ராஃபேல் டிரெசர் என்றால் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், துரையின் பங்களாவில் தேநீர் குடித்தவன் என்று தோட்டமே சொல்லும். ஒரு குண்டுமணி அளவு மாவுகூட என் கையால் காட்டுக்குப் போகவில்லை. போன இடம் எது என்று நானே சொல்கிறேன். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொல்ல விடுங்கள். நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை அறுந்துபோகும்.

ஆர்பிங்டன் என்று ஒரு சீமைக்கோழி. பழைய துரை ஊருக்குத் திரும்பும்போது ஒரு சேவலையும் இரண்டு பெட்டைகளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், இருக்கும் பெண்கள் அதற்குப் பாவாடை கட்டின கோழி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தொடைவரை மெத்தென்று இறகு தொங்குவதுதான் அந்த இனத்தின் அழகு. தலையிலிருந்து வால்வரை ஒரே பொன்னிறமாக இருக்க வேண்டும். மேலே மட்டும் பொன்னாக இருந்தால் போதாது, இறகை விலக்கிப் பார்த்தால் தோல்வரை அதே நிறம் இருக்க வேண்டும். கால் வெள்ளையாக இருக்க வேண்டும். கொண்டை ஒற்றையாக, நிமிர்ந்து, பற்கள் சீராக நிற்க வேண்டும். வெயில் பட்டால் நிறம் வெளிறிவிடும் என்பதால் இறகு முளைக்கும் காலம் முழுக்க நிழலிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு ஈட்டுக் குஞ்சுகளில் இதெல்லாம் பொருந்தி வருவது இரண்டோ மூன்றோதான். மற்றவற்றை நான் வளரவிடுவதில்லை. பார்ப்பவர்களுக்கு அவை நல்ல கோழிகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் தீனி போட்டுக்கொண்டிருந்தால் நல்லது எதுவும் நிமிராது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம். லில்லியனின் அண்ணன் அப்படித்தான் முடிச்சுப் போட்டுப் பேசுவார். எனக்கு அது பிடிக்காது.

அவசரகாலம் வந்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள் அல்லவா? காட்டுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று தோட்டத்து வாசல் கேட்டில் அரிசியைச் சோதித்தார்கள். ரப்பர் மரம் சீவப் போகிறவன் மடியில் ஒரு பிடி சோறு இருந்தாலும் வழக்கு. வீட்டில் தானியம் சேர்த்து வைக்கக் கூடாது என்பதால் லயத்து ஜனங்கள் தங்கள் நாட்டுக்கோழிகளை எல்லாம் அறுத்துத் தின்றுவிட்டார்கள். அவர்களுக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதுவரை எந்த நாட்டுச் சேவல் வேலி தாண்டி வந்து என் பெட்டைகளைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து பயந்து வளர்த்தேன். அந்தப் பயம் விட்டது. ஆஸ்பத்திரியை ஒட்டி என் குவார்ட்டர்ஸ் இருந்தது. புதிய துரைக்கும் கோழிப் பிரியம் உண்டு. என் கோழிகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எங்கள் தோட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்களும் அங்கேதானே சுற்றினார்கள். ஒரு வீட்டில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடுப்பு புகைந்தால் பக்கத்து வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டு மோப்பம் பிடிப்பார்கள். யாரோ ஒருவன் மெலியாமல் இருந்தால் அவனுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிட்டவன் மறுநாள் கேட்டில் போய் உங்கள் ஆளிடம் குனிந்து பேசுவான். எங்கே எது காணாமல் போனாலும் அது காட்டுக்குப் போனது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. வேறு வாயும் வயிறும் உலகத்தில் இல்லை என்பதுபோல.

கோலாலம்பூர் விவசாயக் கண்காட்சியில் சீமைக்கோழிகளுக்கென்று தனிப்போட்டி வைக்கப் போவதாகத் துரை சொன்னார். அந்த ஈட்டில் எனக்கு ஒரு சேவல் குஞ்சு வாய்த்திருந்தது. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது. ஆனால் தவிட்டைத் தவிர வேறு தீனி கிடைக்கவில்லை. குஞ்சுக்குக் கால் துவள ஆரம்பித்தது. துவண்ட காலுக்கு மீன் எண்ணெயும் பாலும்தான் மருந்து. அவை இரண்டும் என் ஸ்டோரில் இருந்தன. ஆயாக்கொட்டகைக்கு வந்தவை அவை. தாய்மார்கள் மரம் சீவப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை. காலையில் நான் மாவை அளந்து கொடுப்பேன். ஆயா அதைக் காய்ச்சின தண்ணீரில் கலக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள்.

முதலில் மிஞ்சியதைத்தான் எடுத்தேன். பிறகு மிஞ்சும்படி பார்த்துக்கொண்டேன்.

ஆயா நல்லம்மாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பாதிப் பேர் அவள் மடியில் வளர்ந்தவர்கள்தான். ஒருநாள் காலையில் வாளியோடு வந்து நின்றாள்.

“டிரெசரய்யா, பாலு தண்ணியா இருக்குங்க. புள்ளைங்க குடிச்சிட்டு ஒடனே மறுபடியும் அழுவுதுங்க.”

“என்னா செய்யறது நல்லம்மா, அளவக் கொறைச்சிட்டாங்க. காட்டுக்குப் போயிரும்னு மேல இருக்கறவங்களுக்குப் பயம்.”

“பச்சப்புள்ள குடிக்கிற பாலயுமா காட்டுக்காரன் புடுங்கப் போறான்?”

“எனக்கென்ன தெரியும். உத்தரவு.”

அவள் நம்பினாள். இப்போதெல்லாம் உத்தரவு என்றால் எதையும் நம்புவார்கள். சேவலுக்கும் கால் நிமிர்ந்தது. மார்பு அகன்றது. காலை வெளிச்சத்தில் அது கூண்டைவிட்டு இறங்கி வந்து நிற்கும்போது நான் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மழைக்காலத்தில் கொட்டகைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. புஷ்பவள்ளி என்று மரம் சீவுகிற பெண், அவளுடைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு உப்பி, கால் சூம்பிப்போய் இருந்தது. அந்தக் காலைப் பார்த்ததும் இதற்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாது என்று சொன்னால் நான் டிரெசராக இருந்ததற்கே அர்த்தமில்லை. மருந்து கொடுத்தேன். குழந்தை பிழைக்கவில்லை. காய்ச்சல் என்று எழுதினேன், காய்ச்சலும் இருந்தது. குழந்தையின் பெயர் எனக்கு இப்போது நினைவில்லை. உங்களிடம் இருக்கும்.

அடக்கம் முடிந்த மறுநாள் நல்லம்மாள் ஆஸ்பத்திரித் துணிகளை வாங்கப் பின்பக்கமாக வந்தாள். வழக்கமாக முன்பக்கம்தான் வருவாள். சேவல் வெள்ளை மங்குக் கிண்ணத்தில் பால் குடித்துக்கொண்டிருந்தது. குனிந்து குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தும், அலகிலிருந்து சொட்டும். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, இதுவா?” என்றாள்.

“கெட்டுப்போன மாவு நல்லம்மா. கொட்ட வேண்டியது.”

அவள் குனிந்து மங்கில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

“கெட்டுப் போகலீங்களே.”

அவள் கத்தவில்லை. துணி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“டாக்டரு வர்ற அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிர்றேன்யா. ஒங்ககிட்ட சொல்லாம செய்யக் கூடாதில்ல, அதான் சொல்றேன். எம் மனசு கேக்கல.”

டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்து அவரிடம் சொல்லியிருந்தால் அவள் பாடு தப்பியிருக்கும். என்னிடம் முன்கூட்டியே சொன்னது அவள் செய்த பிசகு. என்னை அவள் அவ்வளவு மரியாதையாக நினைத்திருக்கிறாள் என்று பிற்பாடுதான் எனக்குத் தோன்றியது.

டாக்டர் வருவதற்குள் நான் அவளை என் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினேன். “நீ சொன்னது சரிதான் நல்லம்மா, எனக்கும் ஒறைச்சிது,” என்றேன். சீல் உடைக்காத பால்மாவு டின் ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். “நாளையிலேர்ந்து பழைய மாதிரி கெட்டியா கலக்கு. ராத்திரி ஒன் வீட்டுல இருக்கட்டும். முந்தானைக்குள்ள மூடி எடுத்துக்கிட்டுப் போ, ஜனங்க பாத்தா ஆளாளுக்குக் கேப்பாங்க.”

அவள் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் என்னைக் கும்பிட்டாள். “ஒங்கள ஆண்டவன் நல்லா வைக்கட்டும்யா,” என்றாள். அழுதாள் என்றுகூட நினைக்கிறேன். எனக்கும் கண் கலங்கியது. கல்லைப்போல இருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு நடந்து கேட்டுக்குப் போனேன். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காளியண்ணன் காவலில் இருந்தான். நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. ஸ்டோரில் ஒரு டின் குறைகிறது என்றேன். அது உண்மை. யார்மேல் சந்தேகம் என்று கேட்டான். பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் பால்மாவைத் தொடுகிற ஆட்கள் அதிகம் இல்லை என்றேன். அதுவும் உண்மை.

“நல்லம்மாக்காவா? இருக்காது லா, டிரெசர். அது எனக்கே பாலு குடுத்து வளத்த பொம்பள.”

“நான் அப்படிச் சொல்லல காளியண்ணன். நீங்க ஒங்க வேலையப் பாருங்க,” என்றேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்துக்கொண்டிருந்தபோது லயத்தில் சோதனை நடந்தது. அவள் வீட்டு அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து டின்னை எடுத்துவந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டார்கள். புஷ்பவள்ளி அங்கேதான் நின்றாள். தன் பிள்ளைக்குப் போகாத பால் எங்கே போனது என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். நல்லம்மாளின் முகத்தில் துப்பினாள்.

நல்லம்மாள் அதைத் துடைத்துக்கொண்டாள். “டிரெசரய்யா குடுத்தாங்க. கேட்டுப் பாருங்க,” என்றாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் சார்ஜெண்ட் என்னைக் கேட்டார். நான் சொன்னது இவ்வளவுதான்: “என் ஸ்டோரிலிருந்து டின்னாக எதுவும் வெளியே போகக் கூடாது. அளந்துதான் கொடுப்பது.” அது விதி, ஐயா. விதியைத்தான் சொன்னேன். கொடுத்தேன் என்றோ கொடுக்கவில்லை என்றோ நான் வாயைத் திறக்கவே இல்லை.

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. லோரியில் ஏற்றும்போது காளியண்ணனிடம், “ஐயா மறந்துட்டாங்க போல இருக்கு. ஞாபகம் வந்ததும் சொல்லுவாங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்குக் கேட்டது.

லில்லியன் அன்று காலையில் எனக்கு முட்டை பொரித்து வைத்திருந்தாள். நான் வீட்டுக்கு வந்தபோது அதைத் தட்டோடு கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் டின் கொடுத்தபோது அவள் உள் அறையில் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

“இனிமே அந்தக் கோழி முட்டய நான் தொட மாட்டேங்க,” என்றாள். பிறகு, “போய்ச் சொல்லிருங்க, இன்னும் நேரம் போகல,” என்றாள்.

“கண்காட்சி முடியட்டும்,” என்றேன். அவள் சுங்கை செம்பிலாங்கில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கடல்காற்று அவள் உடம்புக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். உங்களிடம் வந்து பேசியது அவள்தானா என்று வரும் வழியில் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, உங்கள் முகத்திலிருந்தே தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

சர்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அவருக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்?

நல்லம்மாள் போன பிறகு நான் பால்மாவு எடுப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் குறைந்ததெல்லாம் அவளால் குறைந்தது என்று ஆகி, நீங்களும் நானும் இன்று சந்தித்திருக்க மாட்டோம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சேவலுக்கு அப்போதுதான் கடைசி இறகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. வளரும் இறகு ஒருநாள் பட்டினி கண்டாலும் அதில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். பிற்பாடு எவ்வளவு தீனி போட்டாலும் அந்தக் கோடு அழியாது. கண்காட்சியில் நடுவர் சிறகை விரித்துப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நிறுத்த முடியவில்லை. கோழி வளர்க்காதவர்களுக்கு இது புரியாது.

கண்காட்சிக்குத் தோட்டத்து லோரியில் கொண்டுபோனேன். சுங்கை சோ பக்கத்தில் சோதனைச் சாவடி. எனக்கு முன்னால் நின்ற கிழவியின் தூக்குச்சட்டியைக் கவிழ்த்துக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்த அதே சிப்பாய் என் கூடையைத் திறந்து பார்த்தான். அசந்துபோய் சேவலின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். கூடைக்குள் இருந்த பால் புட்டியை அவன் கேட்கவே இல்லை. கோலாலம்பூரில் வெள்ளிக்கோப்பை கிடைத்தது. நடுவர் இறகை விலக்கித் தோல்வரை பார்த்துவிட்டு, இந்த நாட்டில் இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்றார். துரை என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

புதிய ஆயா நாகமணி வாயாடி. முன்கூட்டி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே துரையின் பங்களாவுக்குப் போய், “இது பாலாய்யா? நீங்களே குடிச்சிப் பாருங்க,” என்று மேசைமேல் வைத்துவிட்டாள். இடையில் இன்னொரு பிள்ளையும் போய்விட்டிருந்தது. ஸ்டோர் சாவி என் ஒருவனிடம்தான் இருந்தது. துரை அதை யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவுதான். காட்டுக்காரர்களுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இப்போது உங்களுக்குத் தெளிவாகியிருக்கும். அதைத் தயவுசெய்து முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். துரையும் அதைப் படிக்க வேண்டும்.

நல்லம்மாளை நாடு கடத்துவதற்காகத் தடுப்பு முகாமிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நாகப்பட்டினத்துக் கப்பல் நாளைக் காலையில் புறப்படுகிறது, அவளுக்கு அங்கே யாருமே இல்லை என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். என் கையெழுத்து இருந்தால் இறக்கிவிடலாம் என்கிறீர்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லையே. டின்னை நான்தான் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளின் பாலை எடுத்தது நான், அவளை மாட்டிவிட்டதும் நான். அப்படியே எழுதுங்கள், போடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். விடிவதற்கு முன்னால் என்னை அழைத்துவந்துவிட்டீர்கள். கூண்டைத் திறக்கவில்லை, மங்கு காலியாக இருக்கிறது, லில்லியனும் இல்லை. ஸ்டோர் சாவி இப்போது உங்களிடம்தான். ஒரு ஆளை அனுப்பி இரண்டு கரண்டி மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி வைக்கச் சொல்லுங்கள். போனவன் திரும்பி வந்து வைத்துவிட்டேன் என்று சொல்லட்டும், அதுவரை பேனா இங்கேயே இருக்கட்டும். நேரமாகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் வாயில்லா ஜீவன்களைப் பட்டினி போட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போடும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.